சிசுவின் இருதயமும் நாம் குடிக்கும் தண்ணீரும்

(பவானிபூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பிறந்த குழந்தையின் இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், பெற்றவளைப் பார்த்து வீட்டார் கேட்கும் முதல் கேள்வி என்ன? ‘கிரகணத்தன்று வெளியே போனாயா?’ தஞ்சாவூரிலும் இந்தக் கேள்விதான், திருநெல்வேலியிலும் இந்தக் கேள்விதான், இங்கே நம் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்திலும் இதே கேள்விதான். மற்ற எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் மட்டும் தேசிய ஒருமைப்பாடு பரிபூரணமாக இருக்கிறது. அடுத்த கேள்வி, ‘பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா?’ அதற்கும் அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் பூர்வஜன்மப் பாவம். எல்லாக் கேள்வியும் அவளை நோக்கித்தான்.

அவள் எந்தத் தண்ணீரைக் குடித்தாள், அது எங்கிருந்து வந்தது, அதில் என்ன கலந்திருந்தது, கலக்க விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை இன்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

இதைப் பேசுவதற்குப் பவானிபூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தம் வீட்டையே நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் 1925-ல் மறைந்த பின், மறு ஆண்டே அந்த வீட்டில் பெண்களுக்கான ஆஸ்பத்திரியாகச் சித்தரஞ்சன் சேவா சதனம் எழுந்தது. இந்தப் பக்கம் வந்தால் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி. நம்மில் பெரியவர்கள் இன்றும் ‘பி.ஜி.’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பணியாற்றிய ஒரு டாக்டரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. உலகெங்கும் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயத்தில் ஏதோ ஒரு குறையுடன் பிறக்கின்றன. பிறவிக் குறைகளிலேயே அதிகமாகக் காணப்படுவது இதுதான். இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு மேல் இப்படிப் பிறப்பதாக இருதய நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் வயதுக்குள்ளேயே ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ தேவைப்படுகிறது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக் கூறுகளில் ஏற்படும் மாறுதல் ஒரு காரணம். சொந்தத்தில் கல்யாணம் செய்வதும் அதில் சேரும்; மாமன் மகள், அக்காள் மகள் என்று பெருமை பேசும் நாம் இதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம், அது தனிப் பேச்சு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை வந்தால் குழந்தையின் இருதயம் கெடும். கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும் சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தாலும் கெடும். வலிப்பு நோய்க்குத் தரும் சில மாத்திரைகளும் மதுவும் இதில் அடங்கும். இவற்றையெல்லாம் டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, தாய் அறியாமலேயே அவள் உடம்புக்குள் போகும் இரசாயனங்களை. தண்ணீர் வழியாக, காற்று வழியாக, வேலை செய்யும் இடத்தின் வழியாகப் போகும் நஞ்சு அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட குழந்தையைக் காட்டி, ‘இதன் இருதயம் இந்த இரசாயனத்தால்தான் கெட்டது’ என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். அதனாலேயே நஞ்சைக் கொட்டுகிறவன் தப்பித்துக்கொள்கிறான். தாய் ஒருத்தி, கண்ணெதிரில் நிற்கிறாள். அவள்மீது பழி போடுவது சுலபம்.

இருதயம் எப்போது உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தில் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. கரு தரித்த மூன்றாவது வாரத்தில் இருதயம் வெறும் ஒரு குழாய். ஏறத்தாழ 22-ஆம் நாள் அது துடிக்கத் தொடங்குகிறது. பிறகு அந்தக் குழாய் வளைகிறது, மடிகிறது. உள்ளே மெத்தை போன்ற திசு இருபுறமிருந்தும் திரண்டு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது. அதுவே அறைகளைப் பிரிக்கும் சுவராகவும் வால்வுகளாகவும் ஆகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் நான்கு அறைகளும் பெரிய இரத்தக் குழாய்களும் அமைந்துவிடுகின்றன. குழந்தை அப்போது ஒரு நெல்லிக்காய் அளவுதான்! அந்த மெத்தைத் திசுவின் செல்கள் இடம்பெயர்ந்து போய்ச் சேர வேண்டிய நேரத்தில் ஏதாவது ஒன்று தடுத்துவிட்டால், சுவர் முழுதாக மூடுவதில்லை. நாம் ‘ஓட்டை’ என்று சொல்வதில் பெரும்பாலானது இந்த மூடாத சுவர்தான். சோதனைச்சாலையில் கோழிக் கருவின் இருதயத் திசுவை வைத்துப் பார்த்தபோது, சில இரசாயனங்கள் துல்லியமாக இந்த இடப்பெயர்ச்சியைத்தான் தடுப்பதாகக் கண்டார்கள்.

இப்போது நாட்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதே கரு தரித்து இரண்டு வாரம் ஆன பிறகு. அவள் இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருப்பாள். மாமியாரிடம் சொல்லத் தயங்குவாள். அந்த ஒரு வாரத்தில் உள்ளே இருதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டுப் போடுவாள். டாக்டர், ‘ஜாக்கிரதையாக இரும்மா’ என்று சொல்வார். அவர் சொல்லும் அந்த நாளில் இருதயம் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. இனி ஜாக்கிரதையாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது. சுவர் மூடுவதற்கு மட்டும் அது பயன்படாது.

நம் சட்டமும் இந்தக் கணக்கை அறியாது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் நல்ல சட்டம். போராடிப் பெற்ற சட்டம். 2017-ல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள், வரவேற்கிறோம். ஆனால் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்வது எந்தக் காலத்துக்கு? பிரசவத்துக்கு முந்திய பத்து வாரங்களுக்கு; அதுவும் அவள் கேட்டுக்கொண்டால். வயிறு கண்ணுக்குத் தெரியும்போதுதான் சட்டத்துக்கும் கண் தெரிகிறது. வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் வேலை செய்கிறவளுக்கும் நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அந்தச் சட்டமே எட்டுவதில்லை.

தாயின் உடம்புக்குள் போன நஞ்சு சிசுவை எட்டாது, நச்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர் போல் தடுத்துவிடும் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். தாலிடோமைடு என்ற மாத்திரை அந்த நம்பிக்கையை உடைத்தது. 1957 முதல் 1961 வரை மேற்கு ஜெர்மனியில் விற்கப்பட்ட இந்தத் தூக்க மாத்திரையைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. பல குழந்தைகளுக்கு இருதயமும் பழுது. எந்த நாளில் மாத்திரை விழுங்கினாளோ, அந்த நாளில் உருவாகிக்கொண்டிருந்த உறுப்பு கெட்டது. அந்த நாட்கணக்கை உலகம் இப்படித்தான், குழந்தைகளின் உடம்பிலிருந்து கற்றுக்கொண்டது.

மாத்திரையாவது கையில் எடுத்து விழுங்கும் பொருள். தண்ணீரில் இருப்பதை எப்படிக் காண்பது? அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஸ்டான்லி கோல்ட்பர்க் என்ற குழந்தை இருதய டாக்டர் 1973 வாக்கில் ஒன்றைக் கவனித்தார். தம்மிடம் வரும் இருதயக் குறையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகரின் ஒரே சிறு பகுதியிலிருந்து வருகிறார்கள். அவர் செய்தது வேறொன்றுமில்லை, நோயாளிகளின் விலாசத்தைப் பார்த்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1981-ல், அந்தப் பகுதியின் கிணறுகளில் டிரைக்ளோரோ எத்திலீன் என்ற இரசாயனம் கலந்திருப்பது தெரிந்தது. இயந்திரப் பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் திரவம் அது. விமானத் தொழிலகங்கள் கழுவிக் கழுவி மண்ணில் விட்டது, நிலத்தடி நீருக்கு இறங்கி, குழாய் வழியே வீட்டுக்கு வந்திருக்கிறது. கோல்ட்பர்க்கும் அவருடைய சகாக்களும் இருதயக் குறையுள்ள 707 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அந்தத் தண்ணீர் கிடைத்த பகுதியில் இருந்த பெற்றோருக்கு இந்தக் குறையுள்ள குழந்தை பிறக்கும் விகிதம் சுமார் மூன்று மடங்கு.

முதலாளிகளின் நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? கணக்கு சரியில்லை, எலிச் சோதனை சரியில்லை, தண்ணீரில் வேறு பொருளும் இருந்தது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. விஞ்ஞானத்தில் ஆட்சேபம் கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம்; ஆட்சேபம் இருந்தால்தான் விஞ்ஞானம். ஆனால் வாதம் முடியும்வரை அதைக் குடித்துக்கொண்டிருந்தது யார்? கடைசியில் 2024 டிசம்பரில்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அந்த இரசாயனத்தைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது. அதையும் எதிர்த்து வழக்குகள். சில பகுதிகள் தள்ளிப்போயின.

இனி நம் வங்காளத்துக்கு வருவோம். இங்கே தண்ணீரில் உள்ள எதிரி ஆர்சனிக். நம் வைத்தியர்கள் பாஷாணம் என்பார்கள். வங்காளிகள் ‘சேங்கோ விஷ்’ என்பார்கள். ஹூக்ளிக்கும் பத்மாவுக்கும் இடையிலுள்ள வண்டல் மண்ணில் இது இயற்கையாகவே அடங்கிக் கிடக்கிறது. குளத்து நீரைக் குடித்துக் காலராவில் சாகாதீர்கள் என்று சொல்லி, கிராமம் கிராமமாக டியூப்வெல் போட்டார்கள். கிருமி போயிற்று, ஆழத்தில் கிடந்த பாஷாணம் மேலே வந்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் நோய் டாக்டராக இருந்த கே.சி. சாகா, 1983-ல், கையிலும் காலிலும் தோல் தடித்துக் கறுத்து வந்த கிராமத்து நோயாளிகளைப் பார்த்து இது பாஷாணம் என்று கண்டுகொண்டார். யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல், 2018-ல் மறையும் வரை, பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தண்ணீர் சேகரித்துச் சோதித்தார். எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் என்று முன்னே சொன்னோமே, அவர் டி.என். குகா மஜும்தார். இந்தப் பவானிபூர் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டுதான் அவர் பாஷாணத் தண்ணீர் கல்லீரலை என்ன செய்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

இது மண்ணின் குற்றம், மனிதன் என்ன செய்வான் என்று சிலர் கேட்கலாம். அவர்களைப் பேஹாலாவுக்கு அழைத்துப் போகிறோம். இங்கிருந்து சில மைல்தான். பி.என். மித்ரா லேன் என்ற தெருவில் ஒரு தொழிற்சாலை ‘பாரீஸ் கிரீன்’ என்ற பூச்சிமருந்தைத் தயாரித்துவந்தது. செம்பும் பாஷாணமும் சேர்ந்த பச்சைப் பொடி அது. கழிவைப் பக்கத்து மண்ணிலேயே கொட்டினார்கள். சுற்றியிருந்த குடும்பங்கள் டியூப்வெல்லில் தண்ணீர் அடித்துக் குடித்தன. தோல் கறுத்தது, கைகால் மரத்தது, கல்லீரல் வீங்கியது. குகா மஜும்தாரும் சகாக்களும் 1992-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள். யாதவ்பூர்க் குழுவினர் எட்டு ஆண்டுகள் அந்த இடத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து 1998-ல் தனியே ஓர் அறிக்கை தந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1993 முதல் சொல்லிவரும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பேஹாலாக் கிணறுகளில் இருந்ததோ அதைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு! அந்தத் தெருவின் மண் தானாகவா விஷமாயிற்று?

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதையும் இதே மண்ணில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2001 முதல் 2003 வரை மேற்கு வங்காளத்தில் மணமான 202 பெண்களைச் சந்தித்து, அவர்களுடைய ஒவ்வொரு கர்ப்பத்தையும், அப்போது குடித்த கிணற்றையும் விசாரித்தார்கள். லிட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஆர்சனிக் உள்ள தண்ணீரைக் குடித்த கர்ப்பங்களில் குழந்தை இறந்தே பிறக்கும் அபாயம் ஆறு மடங்கு. இது 2006-ல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சியில் குகா மஜும்தாரோடு சேர்ந்திருந்தவர் கலிபோர்னியாவின் ஆலன் ஸ்மித்.

அதே ஆலன் ஸ்மித் குழுவினர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தோஃபகாஸ்தா என்ற நகருக்கு 1958-ல் புதிய ஆற்று நீர் கொண்டுவந்தார்கள். அதில் லிட்டருக்குச் சராசரி 860 மைக்ரோகிராம் ஆர்சனிக். 1970-ல் சுத்திகரிப்பு ஆலை வரும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், நகரம் முழுவதும் அதைக் குடித்தது. அக்காலத்தில் இறந்த சில குழந்தைகளின் உடலைப் பரிசோதித்த டாக்டர்கள், கிழவர்களுக்கு இருப்பதுபோல் இரத்தக் குழாய்கள் தடித்திருக்கக் கண்டார்கள். கதை அதோடு முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்தவர்கள் வளர்ந்தார்கள், சுத்தமான தண்ணீர் குடித்தார்கள், வேலைக்குப் போனார்கள். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அந்த ஆண்களில் மாரடைப்பால் இறந்தவர்களின் விகிதம் மற்ற இடத்தாரைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று 2007-ல் தெரிந்தது. கருவிலும் தொட்டிலிலும் குடித்த தண்ணீருக்கு நாற்பது வயதில் விலை கொடுத்தார்கள்.

பிறவி இருதயக் குறைக்கும் ஆர்சனிக்குக்கும் உள்ள தொடர்பை 1988-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பார்த்தார்கள். பிறகு ஹங்கேரியில் பார்த்தார்கள். 2022-ல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளைத் தாய் குடித்த தண்ணீரோடு ஒப்பிட்டார்கள். அந்த நாட்டுத் தண்ணீரில் ஆர்சனிக் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் அளவு கூடக் கூட இருதயக் குறை சற்றே கூடுவது தென்பட்டது. டென்மார்க்கின் நிலை அதுவானால், நாடியாவிலும் முர்ஷிதாபாத்திலும் இருபத்து நாலு பர்கனாக்களிலும் டியூப்வெல் அடித்துக் குடிக்கும் நம் சகோதரிகளின் நிலை என்ன?

தெற்கே காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்து, பத்ரே முதலிய ஊர்களில் ஒரு தலைமுறையையே பாதித்ததை நீங்கள் அறிவீர்கள். உச்ச நீதிமன்றம் அதை நிறுத்த 2011 ஆயிற்று. போபாலைச் சொல்லாமலும் இருக்க முடியாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்குப் பின், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த 865 கர்ப்பிணிகளை விசாரித்ததில், 43.8 சதவிகிதம் பேருக்குக் குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. பிறந்த 486 குழந்தைகளில் 14 சதவிகிதம் ஒரு மாதத்துக்குள் இறந்தன. அந்தத் தாய்மார்கள் எல்லோரும் கிரகணத்தில் வெளியே போனவர்களா?

‘சரி, கர்ப்பிணிகளை இந்த மாதிரி வேலைகளிலிருந்து விலக்கிவிட்டால் போகிறது’ என்று ஒரு யோசனை சொல்வார்கள். கேட்க இதமாக இருக்கும். அமெரிக்காவில் பேட்டரி செய்யும் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி 1982-ல் அப்படித்தான் செய்தது. ஈயம் கருவுக்குக் கெடுதல். ஆகவே குழந்தை பெறும் சக்தியுள்ள எந்தப் பெண்ணுக்கும் ஈய வேலை கிடையாது என்றது. அந்த வேலைக்குத்தான் நல்ல சம்பளம். பெண்கள் என்ன செய்வார்கள்? வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவளும் உண்டு. தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனியின் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஈயம் ஆண் தொழிலாளியின் வித்தையும் கெடுக்கும், அவனை ஏன் விலக்கவில்லை என்பதும் அந்த வழக்கில் எழுந்த கேள்வி. நமக்கும் இது பொருந்தும். இருதயம் உருவாவது அவளுக்கே தெரியாத நாட்களில் என்றால், கர்ப்பிணியை விலக்குவது என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை. நஞ்சைத்தான் விலக்க வேண்டும், பெண்ணை அல்ல.

செய்ய முடியாத காரியமா இது? பக்கத்து வங்காளதேசத்தைப் பாருங்கள். கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். மஞ்சள்தூளிலிருந்து! பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கலந்திருந்தார்கள். 2019-ல் இது வெளிவந்ததும் அரசாங்கம் மொத்த வியாபாரிகளைச் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, சுவரொட்டி ஒட்டியது. சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் இருந்த கலப்படம் 2021-ல் பூஜ்யமாயிற்று. ஈயம் பிரதானமாகச் சிசுவின் மூளையைத் தாக்குவது. இருதயக் குறையோடும் அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சீனத்து ஆய்வுகள் சில சொல்கின்றன. மஞ்சள் இல்லாமல் நமக்குச் சமையலும் இல்லை, சுபகாரியமும் இல்லை. முழு மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் வீட்டுக் காரியம். பவானிபூருக்கு வரும் மாநகராட்சிக் குழாய் நீர் ஹூக்ளி ஆற்று நீர், சுத்திகரிக்கப்பட்டது. இந்தப் பாஷாணப் பயம் அதற்கு இல்லை. பிரச்சினை, அடுக்குமாடிக் கட்டடங்களில் தனியே போர் போட்டு மேல் தொட்டியில் ஏற்றும் தண்ணீரில்தான். நகரின் தென்பகுதி வார்டுகள் பலவற்றில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதை யாதவ்பூர்க் குழு கண்டிருக்கிறது. வாடகை கட்டுப்படியாகாமல் சோனார்பூர், பாருயிபூர் பக்கம் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர்.

காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், பாஷாணம் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் செறியும். மெழுகுவர்த்தி போன்ற கல் வைத்த பில்டரும் அதைப் பிடிக்காது.

அரிசியிலும் கொஞ்சம் உண்டு. பாஷாண நீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே நம் பாட்டிமார்களுக்கு ஒரு வணக்கம். அரிசியை நீர் தெளியும்வரை களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு நல்ல நீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால் அரிசியிலுள்ள ஆர்சனிக்கில் 57 சதவிகிதம் வரை போய்விடுகிறது என்று யாதவ்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் கண்டார்கள். குக்கரில் அளந்து நீர் வைத்தால் உள்ளது உள்ளபடியே தங்கும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கத்தை மட்டும், பிள்ளைத்தாய்ச்சிகளும் பிள்ளை வேண்டுகிறவர்களும் இந்த ஊர் அரிசியில் விட்டுவிடலாம்.

பேட்டரிக் கடை, முலாம் பூசும் பட்டறை, அச்சகம், பெயிண்ட் வேலை, மோட்டார் காரேஜ் இவற்றில் வேலை செய்யும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஈயத் தூசு உங்கள் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது. அந்தச் சட்டையை உதறித் துவைக்கிறவள் உங்கள் மனைவி. பட்டறையிலேயே கை கழுவி, சட்டை மாற்றிவிட்டு வர வசதி செய்து தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். தனியாகக் கேட்க முடியாவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில், மறுநாள் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷ வேலை. 95-க்குக் கீழே இருந்தாலோ கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு, பால் குடிக்கையில் குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறதா, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, எடை ஏறவில்லையா என்று கவனியுங்கள். ‘சளிதான், சரியாகிவிடும்’ என்று வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மேற்கு வங்க அரசாங்கம் 2013-ல் ‘சிசு சாத்தி’ என்ற திட்டத்தைத் தொடங்கிக் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷனை இலவசமாகச் செய்துவருகிறது. தாள் எழுதத் தெரியாது, வங்காளி பாஷை வராது என்று யாரும் தயங்க வேண்டாம். எங்கள் குழுவில் இருவர் அதற்காகவே இருக்கிறார்கள், உடன் வருவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மாநகராட்சிக் குழாய் அல்லாத தண்ணீரைக் குடிக்கிற ஒவ்வொரு வீட்டாரும் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள். சோதனைச்சாலைக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்கிறது. பம்பைச் சில நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். தொட்டியில் தேங்கியதை எடுக்காதீர்கள். உங்கள் பெயர் வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், போர் எத்தனை அடி ஆழம் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் போதும். ஆழம் தெரியாவிட்டால் வீட்டுக்காரரைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அதையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் வந்து அவரிடம் பேசுகிறோம்.